துள்ளும் தாடை

அண்ணனுக்குப் பக்கவாதம் என்று சேதி வந்தபோது நான் சூரத்தில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன். காசிமேட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூக்கில் குழாய். மீன் ஏலம் கூவியே பழகிய வாய் பாதி திறந்து கிடந்தது. வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் மோவாயில் விரலை வைத்து, அதன்மேல் சின்னச் சுத்தியால் தட்டினாராம். தாடை வெடுக்கென்று துள்ளியதாம். உள்ளே உயிர்ப்பு இருக்கிறது என்று அண்ணி அந்தச் சேதியையே பிடித்துக்கொண்டாள். நாங்கள் கூடையில் கிடக்கும் நண்டைச் சுண்டிப் பார்த்து, கால் அசைந்தால் உயிர் நண்டு என்று விலை சொல்கிறவர்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணனின் மோவாயைத் தட்டினார்கள். அண்ணனோடு ஏலம் கூவுகிற ஒருவரும் தட்டிவிட்டுச் சொன்னார்.

"இன்னா மாமு, இன்னும் கூவ ஆச கீது போல."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அண்ணி கிழங்கான் மீனை வேகவைத்து, முள் எடுத்து, கஞ்சியில் பிசைந்தாள். வேண்டாம் என்றேன்.

"ஊர் ஊரா சுத்திகினு கீற, உனுக்கு இன்னா தெரியும்? பசியிலதான் வாயி துள்ளுது."

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு விட்டவன். ஆனாலும் பயமாக இருந்தது. கரண்டி பல்லில் பட்டதும் தாடை இறுகக் கவ்வியது. ஆசையாகச் சாப்பிடுகிறார் என்று அண்ணி நினைத்தாள். இழுத்தாள், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டது. கஞ்சி உள்ளே போயிருந்தது. அண்ணன் இருமவே இல்லை. மூச்சில் மட்டும் களகளவென்று சத்தம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்தேன். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு.

டாக்டர் திட்டவில்லை. மூளையின் பிடி தளர்ந்துபோனால்தான் தாடை அப்படித் துள்ளும், பல்லில் எது பட்டாலும் கவ்வும், அதற்கும் விழுங்குவதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

அண்ணி மெல்லக் கேட்டாள். 

"அப்போ துள்ளுறது அவரு இல்லியா?"

டாக்டர் அண்ணனின் மார்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் முழுக்க மாறி மாறி அவர் நெற்றியைத் தொட்டபடியே இருந்தோம். சாயங்காலம் சுட்டது. தகரக் கூரை, வெயிலாக இருக்கும் என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே அவருக்குச் சட்டை மாட்டத் தொடங்கினாள். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.