சிங்கம் இல்லை, ஆடு இருக்கு

கண்டிப் பக்கம் திகனைக்கு மேலே மலைப்பாதையில் இருக்கும் ஒரு சின்ன மிருகப் பூங்காவில் எனக்கு வேலை. ஆனால் நான் மேய்ப்பது மிருகங்களை அல்ல, அவற்றைப் பார்க்க வரும் குடும்பங்களை.

போன் எடுப்பது, நாள் குறித்துக் கொடுப்பது, எதை முதலில் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வது, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே அந்த வீட்டில் யார் முடிவெடுப்பவர், யார் முணுமுணுப்பவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போக ஆசைப்பட்டு, பாதி வழியிலேயே ஏன்டா புறப்பட்டோம் என்று நொந்துபோன உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கொடுத்த வாக்கு

கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர் போன் பண்ணினார். "மிஸ், சிங்கம் இருக்குதானே?"

"இல்லைங்க. ஆடு, முயல், மான், ஆமை, மட்டக்குதிரை இருக்கு."

குரலைத் தாழ்த்தி, "மகள்கிட்ட சிங்கம்னு சொல்லிட்டேனே" என்றார். வருவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். "சரி, சரி" என்றார். அந்த இரண்டாவது சரியிலேயே அவர் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும் அந்தச் சின்ன மகள் கேட்ட முதல் கேள்வி, "சிங்கம் எங்க?" அப்பா ஆகாயத்தைப் பார்த்தார். அவள் உதடு பிதுங்குவதற்குள் மட்டக்குதிரையிடம் கூட்டிப்போய், உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு கரட் துண்டை வைத்தேன். குதிரை உதட்டால் தடவி எடுத்தது. கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். இன்னொன்று கேட்டாள். பிறகும் கேட்டாள். புறப்படும்போது அப்பா தயங்கித் தயங்கி, அடுத்த முறை சிங்கம் இருக்கிற இடத்துக்கே போகலாம் என்றார். அவள் சொன்னாள்: "வேணாம்ப்பா, சிங்கம் கையையும் சேர்த்துல்ல சாப்பிடும்."

புது வேன்

திகனையில் இருந்து அண்ணன் தம்பிகள் குடும்பமாக வந்தார்கள். மூத்தவருடைய மனைவி விடிவதற்கு முன்பே எழும்பி புரியாணியும் வட்டிலப்பம் என்ற இனிப்பும் செய்து எடுத்து வந்திருந்தார். சாப்பாட்டை கென்டீனில் வையுங்கள், வேனில் விட்டால் குரங்கு வரும் என்று போனிலும் சொன்னேன், வாசலிலும் சொன்னேன். மூத்தவர் சிரித்தார். "இது புது வேன் மிஸ். குரங்குக்குத் திறக்கத் தெரியாது."

குரங்குக்குத் திறக்கத் தெரியாதுதான். ஆனால் உள்ளே புழுங்கக் கூடாது என்று அவரே ஒரு கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது இருக்கையெல்லாம் புரியாணி. ஒரு கிழட்டுக் குரங்கு வேன் கூரையில் சாவகாசமாக உட்கார்ந்து வட்டிலப்பச் சட்டிக்குள் கையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சமைத்து எடுத்து வந்த அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். பிடிவாதக்காரர்களைக் கண்டால் கென்டீனில் முன்கூட்டியே கூடுதலாக உலை வைக்கச் சொல்லிவிடுவது என் வழக்கம். சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும் தயார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் புருஷன் பக்கம் திரும்பினார்: "கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து என்ட வட்டிலப்பத்துல உங்களுக்கு ஏதாச்சும் குறை ஈக்கி. பாருங்க, இந்தக் குரங்கு ஒரு குறையும் சொல்லல்லையே!"

காணாமல்போனவர்

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கண்டி டவுனில் குடியிருக்கும் குடும்பம். ஓய்வுபெற்ற அப்பாவின் பிறந்தநாளுக்காக மகள்தான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். மானோடு படம், ஆமையோடு படம், பேரப்பிள்ளைகளோடு படம், கேக்கோடு படம். மத்தியானம் பனி இறங்கத் தொடங்கியபோது அந்த மகள் அழுதுகொண்டே ஓடி வந்தார். "அப்பாவைக் காணேல்லை மிஸ்! நெஞ்சு வருத்தக்காரர். கீழ ஆறு வேற ஓடுது!"

எல்லோரும் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். என் கால் மட்டும் எதிர்த்திசையில் போனது. காலையில் இருந்து ஒவ்வொரு படத்துக்கும் அவர் முகம் களைத்துக்கொண்டே போனதைக் கவனித்திருந்தேன். படம் எடுக்க ஒன்றுமே இல்லாத இடம் எங்கள் பூங்காவில் ஆட்டுக்கொட்டிலின் பின்பக்கம் மட்டும்தான். அங்கே ஒரு பலகையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஆட்டுக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் மகளுக்குப் போன் பண்ணி, ஆள் பத்திரம் என்றேன். பிறகு அவரை எழும்பச் சொன்னேன். அவர் குட்டி விழித்துவிடாமல் மெதுவாகச் சொன்னார்: "நான் காணாமல் போகேல்லைப் பிள்ளை, தப்பி வந்திருக்கிறன். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்டுபிடியுங்கோவன்."

வேனுக்குள் இருப்பவர்

தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒருவர் பேசினார். "நானும் புள்ளைங்களும் உள்ள வருவோம். எங்க சம்சாரம் வேன்லயே இருந்துக்கும்."

ஏன் என்று கேட்டேன். மழையில் கொழுந்து பறிக்கும்போது மனைவி சரிவில் விழுந்து முதுகெலும்பில் அடி. அதன்பிறகு சக்கர நாற்காலிதான். போன வருஷம் வேறோர் இடத்துக்குப் போனபோது படிக்கட்டு என்பதால் அவர் வேனிலேயே இருந்துவிட்டாராம். "அவளேதான் அப்படிச் சொல்றா மிஸ்" என்றார்.

"இந்தத் திட்டம் சரிவராதுங்க. வார நாள் ஒன்னு சொல்றேன், அன்னைக்கு வாங்க" என்றேன். எங்கள் பூங்காவும் சரிவுதான். அவரால் மேலே ஏற முடியாவிட்டால் மிருகங்கள் கீழே இறங்கட்டும் என்று மனேஜரிடம் போய் நின்றேன். கட்டவிழ்த்த குதிரை யாரையாவது உதைத்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். "நான்" என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

அன்று காலையில் தூறல். வாசலோரம் உள்ள சமதரையில் ஆடுகளும் முயல்களும் மட்டக்குதிரையும் காத்திருந்தன. நனைந்த புல்லில் நாற்காலியின் சக்கரம் புதைந்தது. "பாத்தீங்களா, நான் வேன்லயே இருக்கேன்" என்றார் அந்த அம்மா. புருஷன் முகம் செத்துப்போனது. கொட்டிலில் இருந்து பலகைகளை ஓடிப்போய் எடுத்து வந்து போட்டோம். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். நாற்காலி போய் நின்றதும் ஆடுகள் சூழ்ந்துகொண்டன. ஒன்று அவருடைய சேலைத் தலைப்பைச் சப்பத் தொடங்கியது. அதன் காதைப் பிடித்து இழுத்து, "ஏய், இது புதுச் சேலை!" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, சத்தமாகச் சிரித்தார். அம்மா இப்படிச் சிரித்து எத்தனை நாளோ, பிள்ளைகள் ஆட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். புருஷன் வேனில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போன தடவ இவங்க பாத்துட்டு வந்து சொன்னத நான் கேட்டேன். இந்தத் தடவ நான் சொல்றேன் மிஸ், இவங்க கேக்கட்டும்."

இத்தனை குடும்பங்களையும் அவரவர் வேனில் ஏற்றி, சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பி வைக்கத் தெரிந்த எனக்கு, என் வீட்டு ஆட்களை ஒரே நாளில் லீவு போட வைக்க மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.