வெள்ளவத்தைக் கரையிலிருந்து ஒரு வள்ளம்

மிளகாய் எரிந்த நெடிதான் முதலில் வந்தது. எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருஞ்சாலையைத் தொடும் மூலையில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அதற்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். உள்ளே அடுக்கியிருந்த செத்தல் மிளகாய் மூட்டைகள் பற்றிக்கொண்டதும், வெள்ளவத்தையின் அந்த மூலை முழுவதும் கண்ணைத் திறக்க முடியாத காரமாயிற்று. யூலை மாதம் என்பதால் கடற்காற்று கரையை நோக்கிப் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று புகையை எங்கள் பக்கம் அதிகம் விடாமல், கடையைக் கொளுத்தியவர்கள் மீதே கொண்டுபோய்ப் போட்டது. பொல்லும் கம்பியுமாக ஒழுங்கைக்குள் இறங்க வந்தவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார்கள். அவர்கள் இருமி முடிப்பதற்குள் தப்பியவர்கள் நாங்கள்.

கொழும்பில் சிங்களக் கும்பல்கள் தமிழரைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. எனக்குப் பத்து வயது, தம்பி இன்னும் நடை பழகி முடிக்காத குழந்தை. அப்பா மத்திய கிழக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மா வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுப்பாள். ஒழுங்கையில் வாயாடி என்று பெயரெடுத்தவள். மீன்காரனோடும் தபாற்காரனோடும் அவள் போடும் சண்டை மூன்று வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு மட்டும் அந்த வாய் எங்கோ போய்விட்டது. தம்பியைத் தன் இடுப்போடு சேர்த்து ஒரு பழைய சேலையால் இறுக்கிக் கட்டினாள். என் கையைப் பிடித்து, "செருப்பைப் போடு, ஓடவேணும்" என்றாள்.

வாசற் படலையைத் தாண்டியபோது நான் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுச் செல்லத்துரை மாஸ்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தன் படலைக்கு வெளியே வந்து நின்றார். வந்தவர்களோடு கதைத்துப் பார்க்கலாம் என்று எண்ணியிருப்பார் போலும். அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார், பிறகு நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் கவனமாக வைத்தார். அதற்குப் பிறகு வந்த அடி அவருடைய தலையில் விழுந்தது. தேங்காய் உடைக்கும் சத்தம் அது. அன்றிலிருந்து யாராவது என் காதுபடத் தேங்காய் உடைத்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். மாஸ்டர் எழும்பவேயில்லை.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் எல்லாம் ஒருபக்கம் காலி வீதியிலும் மறுபக்கம் கடலிலும் முடிகின்றன. காலி வீதிப் பக்கம் அவர்கள் நின்றார்கள். எனவே நாங்கள் கடலை நோக்கி ஓடினோம். றெயில் பாதையைக் கடந்து கற்களின் மேல் விழுந்தெழும்பி மணலுக்கு இறங்கியபோது, அதற்கப்பால் ஓட இடமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் கரையில் மீன்பிடிப்பவர்களின் "வாடி" ஒன்று இருந்தது. தென்னோலையும் தகரமும் போட்ட குடில். அதன் முன்னால் மோட்டார் பூட்டிய வள்ளம் ஒன்றை உயர ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் கடல் மூர்க்கமாக இருப்பதால் யாரும் தொழிலுக்கு இறங்குவதில்லை. வாடியின் வாசலில் ஒரு சிங்கள மனிதரும் அவருடைய மனைவியும் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். நாள்தோறும் மாலையில் கடற்கரைக்குப் போகும்போது நாங்கள் தூரத்திலிருந்து கண்டவர்கள்தான். ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பெயர் சிறிபால என்பதும், அவள் பெயர் சோமா என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதுமான அளவுதான் வரும். நகரின் வடக்கே, தமிழர் நிறைந்த கொட்டாஞ்சேனையில் தன் அண்ணன் இருப்பதாகவும், அங்கே எப்படியாவது போய்ச் சேரவேண்டும் என்றும் அவள் உடைந்த சிங்களத்தில் சொன்னாள். வள்ளத்தைக் கை காட்டினாள். சிறிபால தலையை ஆட்டி மறுத்தார். "நோனா, கடலைப் பாருங்கள். இதில் நான் தனியாகவே இறங்கமாட்டேன். பிள்ளைகளோடு போனால் எல்லாரும் சாவோம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அலைகள் வீட்டுக் கூரை உயரத்துக்கு எழுந்து, கரையில் விழுந்து, மணலைக் கிண்டி எடுத்துக்கொண்டு போயின.

அந்த நேரத்தில் றெயில் பாதையில் ஆட்கள் தெரிந்தார்கள். தண்டவாளத்தில் கம்பியால் தட்டிக்கொண்டே வந்தார்கள். சோமா அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் புருஷனிடம் திரும்பிக் கத்தினாள்: "உனக்குக் கடலுக்குப் பயமென்றால் துடுப்பை என்னிடம் கொடு. நான் கொண்டுபோகிறேன்!"

சிறிபால அவளைத் திட்டினார். திட்டிக்கொண்டே வள்ளத்தின் கீழிருந்த கட்டையை உதைத்துத் தள்ளினார். "நகின்ன! இக்மனட்ட!" ஏறுங்கள், கெதியாக, என்று எங்களை நோக்கி உறுமினார். சோமா இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று வள்ளத்தைத் தள்ளினாள். முதல் அலை எங்களைத் திருப்பிக் கரைக்கே எறிந்தது. இரண்டாவது அலையில் வள்ளம் நிமிர்ந்து, ஏறக்குறைய செங்குத்தாக நின்று, பிறகு அப்பால் விழுந்தது. என் பல் உதட்டைக் கிழித்தது. கரையிலிருந்து எறிந்த கற்கள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஒன்று சிறிபாலவின் முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் மோட்டாரின் கயிற்றை இழுத்தபடியே இருந்தார். அது உறுமிப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு வந்த பயணத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சரியாகச் சொன்னதாக ஒருநாளும் தோன்றியதில்லை. வள்ளத்துக்குள் தண்ணீர் கொட்டியது. அம்மா ஓர் எண்ணெய் டின்னை எடுத்து அள்ளி அள்ளி ஊற்றினாள். தம்பி அவள் வயிற்றோடு ஒட்டியபடி கத்திக் கத்திக் களைத்துப்போனான். நான் வாந்தியெடுத்தேன்; எடுக்க ஒன்றுமில்லாதபோது பித்தம் வந்தது. கொள்ளுப்பிட்டிக்கு நேரே வந்தபோது மோட்டார் நின்றுவிட்டது. அலை எங்களைக் கரைப் பாறைகளை நோக்கித் தள்ளத் தொடங்கியது. சிறிபால துடுப்பை என் கையில் திணித்து, "துவ, இதைத் தண்ணீருக்குள் நேராகப் பிடி, விடாதே" என்றார். சிங்களத்தில் "துவ" என்றால் மகள். நான் பிடித்தேன். தோள் கழன்று போவதுபோல இருந்தது. அவர் மோட்டாரோடு கெட்ட வார்த்தைகளால் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெரிய அலை ஒன்று எங்களைத் தூக்கியது. அதன் உச்சியில், விழுவதற்கு முன்னுள்ள அந்தச் சிறு பொழுதில், கொழும்பு முழுவதையும் நான் கண்டேன். வெள்ளவத்தையில் புகை, பம்பலப்பிட்டியில் புகை, கொள்ளுப்பிட்டியில் புகை. கறுப்புத் தூண்கள் நட்டு வானத்தைத் தாங்கி வைத்ததுபோல. அங்கே மனிதர்கள் எரிந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். செல்லத்துரை மாஸ்டர் விழுந்ததை நான் கண்டு அதிக நேரமாகவில்லை. ஆனாலும், இதை எழுதும்போது கை கூசுகிறது, அந்தக் கணத்தில் என் உடம்பெல்லாம் ஒரு பெரும் மகிழ்ச்சி பாய்ந்தது. உதட்டு இரத்தத்தின் உப்பும் கடலின் உப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரிந்தன. என் விரல்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தன. நான் இருக்கிறேன், இன்னும் இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தியும் விட்டேன். அம்மா நான் பயத்தில் அலறுவதாக நினைத்து, "கர்த்தரே எண்டு சொல்லு பிள்ளை, முருகா எண்டு சொல்லு, ஆரையாவது கூப்பிடு!" என்றாள். சைவக்காரியான என் அம்மா கர்த்தரைக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டுந்தான்.

மோட்டார் மறுபடி பிடித்தது. துறைமுகத்தின் கல்லணையைச் சுற்றி, நங்கூரமிட்டிருந்த கப்பல்களைக் கடந்து, முகத்துவாரத்தில் மணலைத் தொட்டோம். அங்கிருந்து கொட்டாஞ்சேனை நடை தூரம். பிழைத்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

கரையில் சில இளைஞர்கள் காவல் நின்றார்கள். துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள், தமிழர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பி. சிறிபால எங்களை இறக்கிவிட்டு, யாரையோ நோக்கிச் சிங்களத்தில் தண்ணீர் கேட்டார். அதுதான் அவர் செய்தது. "சிங்களவன்டா!" என்று ஒருவன் கூவினான். முதல் அடி அவருடைய புருவத்துக்கு மேலே விழுந்தது. அவர் முழந்தாளிட்டு விழுந்தார். முகம் இரத்தத்தில் மறைந்தது. உயரமான ஒருவன் கம்பியை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கினான்.

அம்மா தம்பியை அவிழ்த்து என் மேல் எறிந்தாள் என்றே சொல்லவேண்டும். அடுத்த கணம் அவள் சிறிபாலவின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். ஓங்கிய கம்பி இறங்கியேவிட்டது. அவளுடைய தோளெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு அவளுடைய வாயும் திரும்பி வந்தது.

"அடியடா! இன்னும் அடி! முதல்ல என்னை அடிச்சுக் கொல்லு, பிறகு இந்த மனிசனைத் தொடு! இவரின்ரை தயவிலதான்ரா என்ரை பிள்ளையள் மூச்சு விடுதுகள்! உனக்குக் கண் இல்லையோ? நாங்கள் ஆரின்ரை வள்ளத்தில வந்து இறங்கினனாங்கள்?"

உயரமானவன் கம்பியைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்தபடியே நின்று அழத் தொடங்கினான். "என்ட அப்பாவ காலையில புறக்கோட்டையில வெட்டிப்போட்டாங்க அக்கா" என்றான். "மூட்டை தூக்கப் போன மனுசன். ஒண்ணும் செய்யாத மனுசன்." அம்மா மணலில் கிடந்தபடியே அவனைப் பார்த்தாள். அவன் தமிழில் சொன்னது சிறிபாலவுக்கு விளங்கியிருக்கவேண்டும். இரத்தத்தைத் துடைக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

கரையோர வீடொன்றின் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி வந்து, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவர் நெற்றியைக் கட்டினாள். எல்லாருக்கும் "பிளேன்ரீ" கொடுத்தாள். நான் என் வாழ்நாளில் குடித்தவற்றுள் எதுவும் அந்தச் சீனி போட்ட சுடுதேநீருக்கு ஈடாகவில்லை. அது தொண்டையில் இறங்கி வயிற்றைத் தொடும்வரை எனக்குத் தெரிந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் அந்தக் கோப்பைக்கே நன்றி சொன்னேன்.

சிறிபால பொழுது சாய்வதற்கு முன் திரும்பவேண்டும் என்றார். சோமா வெள்ளவத்தைக் கரையில் தனியாக நின்றாள். வரும்போது எங்களைத் தள்ளிய காற்று, போகும்போது அவருக்கு எதிராக அடிக்கும். அம்மா போகவேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் வள்ளத்தைத் தள்ளினார். அது அசையவில்லை. அப்போது அந்த உயரமானவன் கம்பியை மணலில் குத்திவிட்டு, தண்ணீருக்குள் இறங்கி, மறுபக்கத்தில் தோள் கொடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வள்ளம் அலையைத் தாண்டும்வரை அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்றான்.

அவர் போய்ச் சேர்ந்தாரா என்பது ஒரு மாதத்துக்கு மேலாக எங்களுக்குத் தெரியாது. மாமா வீட்டில் அம்மா வலது கையைக் கட்டித் தொங்கவிட்டபடி, ஒவ்வொரு நாளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் சற்று அடங்கியதும் நாங்கள் வெள்ளவத்தைக்குப் போனோம். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. அம்மா அதை நின்று பார்க்கவுமில்லை. நேரே கடற்கரைக்கு நடந்தாள். சிறிபால வாடியின் முன்னால் குந்தியிருந்தார். புருவத்தின் மேல் தையல் போட்ட தழும்பு. பக்கத்தில் அவருடைய வள்ளம் பிளந்து கிடந்தது. தமிழரை ஏற்றிப் போனதற்காக அவருடைய ஆட்களே கோடரியால் கொத்தியிருந்தார்கள்.

அம்மாவின் கைக்கட்டைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டார். "நோனாவுக்கும் அடி, எனக்கும் அடி, வள்ளத்துக்கும் அடி" என்றார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு இடக்கையிலிருந்த தங்கக் காப்பைப் பல்லால் இழுத்துக் கழற்றி அவர் முன் நீட்டினாள். அவர் பாம்பைக் கண்டவர்போல எழுந்து பின்வாங்கினார். சோமா உள்ளிருந்து வந்தாள். "நீ சும்மா இரு" என்று புருஷனை அதட்டிவிட்டு, காப்பை வாங்கித் தன் கையில் போட்டுப் பார்த்தாள். "வள்ளம் செய்யவேண்டும், நோனா" என்றாள். அம்மாவின் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. கொடுக்கும் நன்றியை வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வதும் ஒரு பெருந்தன்மை என்று நான் சோமாவிடம் கற்றேன்.

அந்த ஆண்டின் இறுதியில் அப்பா எங்களைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். அதன் பிறகு நாடு நாடாகப் பயணம் செய்திருக்கிறேன். பனி மூடிய மலைகளின் மேல் பறந்திருக்கிறேன், கண்ணாடி போன்ற ஏரிகளில் படகேறியிருக்கிறேன். அழகானவை எல்லாம். ஆனால் உயிரோடிருப்பது என்றால் என்னவென்று என் உடம்பு கற்றது கொள்ளுப்பிட்டிக்கு எதிரே அந்த அலையின் மேல்தான். அதைக் கற்பிக்க ஒரு நகரம் எரிய வேண்டியிருந்தது என்பதை என்னால் ஒருநாளும் மன்னிக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு தனியாக வெள்ளவத்தைக்குப் போனேன். எங்கள் ஒழுங்கையில் இப்போது வீடுகள் இல்லை, லிப்ற் வைத்த மாடிக் கட்டடங்கள். செல்லத்துரை மாஸ்டரின் படலை நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. றெயில் பாதையை ஒட்டி அகலமான வீதி போட்டிருக்கிறார்கள். மாலையில் குடும்பங்கள் வந்து சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கின்றன. சிறிபாலவை விசாரித்தேன். வயதான ஒருவர் மட்டும் பெயரை நினைவு வைத்திருந்தார். சிறிபால இறந்து நெடுங்காலமாகிறது, சோமா தெற்கே எங்கோ மகளோடு போய்விட்டாள் என்றார். வாடி இல்லை. மணலும் குறைந்துவிட்டது, கடல் அரிக்காமலிருக்கப் பெரிய கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். நான் இருட்டும்வரை ஒழுங்கையின் முடிவில் நின்று அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு இந்த ஒழுங்கையால் ஓடிவந்தால், ஏறிப்போக இந்தக் கரையில் ஒரு வள்ளமும் இல்லை.