மூன்றாவது நட்சத்திரம்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமை இருட்டிவிட்டது. மிரியம் அக்கா நினைவு மாணவர் படிப்பகத்தில் விளக்கு எரியவில்லை. புத்தகங்களை மூடிவிட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். எதிர் டீக்கடையில் கரண்ட் இருக்கிறது. முதன்முறையாகப் படிப்பகத்தைப் பார்க்க வந்த நான் சுவிட்சை நோக்கிக் கை நீட்டுகிறேன்.

“தொடாதிய அண்ணாச்சி” என்கிறார் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி. “அக்கா யூத மதம். கொச்சியில இருந்து இங்கன வந்து, சாவுத வரைக்கும் சும்மாவே பாடம் சொல்லிக் குடுத்தாங்க. சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வு நாள். மூணு நட்சத்திரம் தெரியுத வரைக்கும் சுவிட்சுல கை வைக்க மாட்டாங்க.”

“உங்களையும் போடக் கூடாது என்றாரா?”

“ஒரு நாளும் சொன்னதில்ல. அவங்க இருட்டுல இருக்கையில நாங்க மட்டும் எப்படிப் போட? அவங்க போன பிறகும் கை வரல.”

திங்கட்கிழமை பரீட்சை. வானமெல்லாம் மேகம். மேக இடுக்கில் இரண்டு நட்சத்திரம் தெரிந்து வெகுநேரமாகிறது; மூன்றாவதைக் காணோம்.

“அங்கன பாருங்க, மூணாவது” என்று ஒரு சிறுமி கை காட்டுகிறாள். அது செல்போன் கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு.

செல்வி அதைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

“நட்சத்திரம்தான்” என்கிறேன்.