மூட்டையின் இடது கால்

என் தம்பி யாரையும் கை நீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எவனாவது சட்டையைப் பிடித்தால், சட்டை கிழிந்துவிடக் கூடாதே என்று அசையாமல் நிற்பான். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை, அடித்துக்கொள்ளும் ஆட்களை வரைவது. வீடியோ கேம் செய்கிற கம்பெனி அது. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். முன்னால் வரலாம், பின்னால் போகலாம், குதிக்கலாம். அதற்குள்ளேதான் எல்லா அடியும் உதையும்.

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளை முழுக்க முழுக்க என் தம்பியே உண்டாக்கினான். அகலத் தோள், குட்டைக் கழுத்து, மடங்காத ஒரு கால். அதை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். கிடங்கில் சுமை தூக்கியவர் என்று விளையாட்டில் அவருக்கு ஒரு கதையும் உண்டு. விளையாடுகிறவர்கள் அவருக்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் மூட்டையைத் தெரியும். அவர் எங்கள் அப்பா என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா கிடங்கில் வேலை பார்த்தார். நான் சிறுமியாக இருந்தபோது மூட்டை அடுக்கு சரிந்து அவர் முழங்கால் மேல் விழுந்தது. பிறகு அது மடங்கவே இல்லை. அந்தக் காலோடுதான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தார். தம்பி கம்பெனியில் சேர்ந்த வருடம் செத்துப்போனார். அவர் நடையைத் தம்பி நினைவிலிருந்து ஒவ்வொரு படமாக வரைந்தான். திரையில் அதை முதலில் பார்த்தபோது அம்மா சொன்னாள்: "ஏன்டா, அந்த மனுஷன அங்கயும் வேலைக்கு அனுப்பிட்டியா?"

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் துணி திருத்தித் தைக்கிறவள். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. தம்பியைப் பற்றிப் பேசினால் எனக்குத் தலைக்கனம் என்பார்கள்; இருந்துவிட்டுப் போகட்டும். அந்த விளையாட்டு பாகம் பாகமாக வந்தது, ஒவ்வொன்றிலும் மூட்டை இருந்தார். பிறகு ஒருநாள், தட்டைப் படம் போதும், அடுத்த பாகம் முப்பரிமாணத்தில் என்று கம்பெனி முடிவு செய்தது. இனி யாரும் படம் வரைய வேண்டாம். பொம்மை செய்கிற மாதிரி கம்ப்யூட்டருக்குள் உடம்பு செய்து, உள்ளே எலும்பு வைத்து, அசைக்க வேண்டும். அவனோடு வரைந்தவர்களில் பாதிப் பேர் விலகினார்கள். இவன் தலை நரைக்கிற வயதில், தன் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். அவர்கள் இவனைப் பென்சில் அண்ணா என்று கூப்பிட்டார்கள். கிண்டலா மரியாதையா என்று இவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மூட்டைக்கு எலும்பு வைக்கிற வாரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"அக்கா, அப்பாவுக்கு எந்தக் கால்?"

"என்னடா கேள்வி இது? வருஷக்கணக்கா நீதானே வரைஞ்ச?"

"அதான்க்கா வினையே. ஒரு பக்கம் பாத்து நடக்குற மாதிரிதான் வரைவோம். அந்தப் பக்கம் திரும்பும்போது கம்ப்யூட்டர் அதே படத்தைக் கண்ணாடி மாதிரி புரட்டிப் போட்டுடும். இடது கால் வலது காலாயிடும். யாரும் கவனிக்க மாட்டாங்க. ரெண்டையும் பாத்துப் பாத்து எனக்கு எது நெஜம்னே அழிஞ்சு போச்சு. கண்ண மூடினா ஒரு தடவ இந்தக் கால இழுக்குறார், அடுத்த தடவ அந்தக் கால."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

அம்மா தன் வலது முழங்காலில் தட்டினாள். "இந்தக் கால். தினம் கதவத் தொறந்து விட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா, இடது. நான் அந்தப் பக்கமா நின்னுதான் அவர் கையப் பிடிச்சுக்கிட்டு நடப்பேன்."

"ஆமா, இவ காலுக்கு அளவெடுத்து வச்சிருக்கா."

வீம்பு போகட்டும் என்று அம்மாவைக் கதவுக்கு உள்ளே நிற்கவைத்தேன். நான் வெளியே போய், இடது காலை இழுத்துக்கொண்டு அவளை நோக்கி வந்தேன். "இப்ப சொல்லு, இப்படியா?"

"இப்படியேதான்! நான் சொன்னேன்ல..." என்று தன் வலக்கையை நீட்டியவள், கையையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரே வருகிறவருடைய இடது கால் அவளுக்கு எப்போதும் வலப்பக்கமாகவே இருந்திருக்கிறது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவர் போனதுக்கப்புறம் நான் இத்தன நாளா வேற காலையா நெனச்சுக்கிட்டு இருந்தேன்?"

இடது கால் என்று முடிவானது.

உடம்பு தயாரானதும் எனக்குக் காட்டினான். எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினான். பழைய விளையாட்டில் மூட்டைக்கு முதுகே கிடையாது. யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்பதால் வரையவில்லை. இப்போது செய்திருந்தான். கழுத்துக்குக் கீழே, மூட்டை ஏறி ஏறிக் காய்த்துப்போன இடம்கூட இருந்தது. அதை மட்டும் அவன் மறக்கவில்லை. நான், சட்டையின் தோள் தையல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எதையோ சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

பிறகு சோதனை தொடங்கியது. வெளியாட்களை வரவழைத்து விளையாடவிட்டுப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் தம்பியின் முகம் இருண்டே கிடந்தது. ஒருநாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, அவன் குழுவின் தலைவி கம்ப்யூட்டரில் பேசினாள். நான் அதே அறையில் ஒரு பேண்ட்டுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்க. அவரோட இடது பக்கமா ஒரு சுத்து போனா போதும். அந்தக் கால வச்சுக்கிட்டு அவர் திரும்புறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடுது."

"தட்டையா இருந்தப்ப அவருக்குப் பக்கமே கிடையாதும்மா. யாரும் சுத்திப் போக முடியாது."

"இப்ப இருக்கேண்ணா. சின்னப் பசங்ககூட அவரச் சுத்திச் சுத்தி அடிக்கிறாங்க. பாக்க எனக்கே கஷ்டமா இருக்கு."

தம்பி எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தான். வேகமாகத் திரும்பவைத்தால், மடங்காத கால் பனிக்கட்டியில் சறுக்குவதுபோல் தரையில் வழுக்கியது. அடியின் பலத்தைக் கூட்டினால் மற்ற ஆட்கள் அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

"நான் சின்ன வயசுல மூட்டையத்தான் எடுப்பேண்ணா. வேற யாரையும் தொட மாட்டேன்," என்றாள் அவள். "ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லணும். கால சரி பண்ணுங்க. இல்லன்னா இந்தப் பாகத்துல அவர் வேண்டாம். இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க, ப்ளீஸ்."

பேச்சு முடிந்ததும் தம்பி என் பக்கம் திரும்பினான். "என்னக்கா பண்ண?"

"எடுத்துடு," என்றேன் நான். "நேரா நடந்தா அது அப்பாவே இல்ல. யாரோ ஒரு தடியன்."

"எடுத்துட்டா அப்புறம் அவர் எங்கயுமே இல்லக்கா."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"குணமாக்கிடேன்டா. உசுரோட இருந்தப்ப டாக்டரால முடியல. உன்னால முடியும்ங்குற, அதுக்கு ஏன் இவ்வளவு யோசன?"

"அம்மா, அந்த நடதான் அவரு."

"உங்களுக்குத்தான் அப்படி. நீங்க கண்ணால பாத்தது அந்த நடையத்தான். எனக்கு அதுக்கு முன்னாடியே அவரத் தெரியும். ஓடிப் போய் பஸ்ஸுல ஏறிட்டு, வான்னு கை நீட்டுவார். அவர் நொண்டினது உங்களுக்குச் சொத்து. எனக்கு அப்படி இல்ல."

தம்பி நாற்காலியை அம்மாவிடம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஓர் அவசரம் தெரிந்தது.

"அப்ப எப்படிம்மா நடப்பார்? சொல்லு. அப்படியே செஞ்சிடுறேன்."

"எப்படின்னா? நல்லா நடப்பார்."

"வேகமாவா? கால அகட்டி வைப்பாரா? கை எப்படி வரும்?"

"வேகமாத்தான். கை... கை என்ன பண்ணும், கூட வரும்." அம்மா எழுந்து இரண்டு அடி நடந்து காட்டப் பார்த்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். அது அவளுடைய நடையாகவே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸுல ஏறினது தெரியுது. நடந்தது வரலடா."

வேறு யாரிடமும் கொடுக்காமல் தம்பியே காலைச் சரி செய்தான். ஒரே காலைப்பொழுதில் வேலை முடிந்துவிட்டது. எலும்பில் போட்டிருந்த தடையை எடுத்தால் முழங்கால் மடங்கிவிடுகிறது. நடைக்குக் கம்பெனியில் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துப் போட்டான். அசைவைக் கேமரா பிடிப்பதற்காக உடம்பெல்லாம் பொட்டு ஒட்டிக்கொண்டு, காலி அறையில் யாரோ ஓர் ஆள் கூலிக்கு நடந்த நடை.

விளையாட்டு வெளிவந்தது. மூட்டை இப்போது ரொம்பப் பலசாலி என்று எழுதினார்கள். பழைய மூட்டைதான் வேண்டும் என்றும் சிலர் எழுதினார்கள். தம்பி எதையும் படிக்கவில்லை. ஆட்களைச் செய்கிற குழு வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, சண்டை நடக்கிற இடங்களைச் செய்கிற குழுவுக்குப் போய்விட்டான். தரை, சுவர், மழைத் தண்ணீர் தேங்கிய மூலை. அதிலும் அவனுக்கு நிகர் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள் என்று டிவியில் போட்டுக் காட்டினான். எதிராளி இல்லாத மேடை. மூட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நேராக நடந்தார். முழங்கால் அழகாக மடங்கியது.

"இப்ப வலிக்காதுல்ல?"

"வலிக்காதும்மா." பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் தம்பி கேட்டான். "இப்படித்தான் இருந்தாரா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் ஓரம் வரை போய்த் திரும்பி நடந்து வந்தார்.

"இருக்கும்," என்றாள்.