பூநாரைகளுக்குக் கொடுத்த குரல்

மார்கழி பிறந்தால் கொட்டகலைக் குளிரில் எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் போன முறை மன்னாரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கினேன். அவள் அங்கே ஆசிரியை. விடுமுறை நாட்களில் விடிந்ததும் பைனாகுலரோடு பறவை பார்க்கக் கிளம்புவாள். ஸ்கூட்டரின் பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன்.

வெயில் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் குமட்டியது. கடல்நீர் தேங்கி நிற்கும் களப்பின் ஓரம் முழுக்கச் சாப்பாட்டுத் தாள், போத்தல், அழுகிய மீன். அதைவிடக் கேவலம், வேனில் வந்து இறங்கும் கூட்டம். பூநாரைகள் பறந்தால்தான் படம் அழகாக வருமாம். அதற்காக ஹோர்ன் அடித்தார்கள், கை தட்டினார்கள். தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் கல்லை எடுத்தே எறிந்தார். அவர் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது.

"நம்ம ஊருல நாயக்கூட இப்புடி வெரட்ட மாட்டாங்க," என்றேன்.

"அதுங்க நின்னு திங்கிறதே இந்தக் கொஞ்ச மாசந்தாம்ப்பா. சும்மா சும்மா எழுப்பிவிட்டா இந்தப் பக்கமே வராது," என்றாள் மகள்.

மறுநாள் வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனாள். முட்புதர்களுக்குள் குனிந்து நடந்தோம். "இந்த எடத்த நான் யாருக்குமே காட்டுனதில்லப்பா. ஒங்களுக்குத்தான்."

புதரைத் தாண்டியதும் தண்ணீரெல்லாம் பூநாரைகள். அக்கரை வரை ரோஜா நிறம். அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்து வெகுகாலமாயிற்று. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எதிர்மலையில் தெரிந்த ஆளைக் கண்டால் சும்மா இருக்க மாட்டோம். கையை வாயருகே குவித்து ஒரு குரல் கொடுப்போம். பதில் குரல் வரும். லயத்து வரிசை வீட்டில் பிறந்த எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

"ஊ...ய்!"

மொத்தக் கூட்டமும் எழுந்தது. வானம் சிவந்தது. தூரத்து ரோட்டில் போன வேன் ஒன்று நின்றது. புதரை மிதித்துக்கொண்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கிய பறவைகளைப் பார்த்துவிட்டு என்னிடம், "சூப்பர் ஐயா! இன்னொரு தடவை கூப்பிடுங்க, வீடியோ எடுக்கணும்," என்றார்கள்.

முதல் குரல் தவறுதலாக வந்தது. அதை மகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்தும் கேட்காமல் இரண்டாவது முறையும் கொடுத்தேன், முதல் முறையைவிடச் சத்தமாக.

அவள் என் கையை விட்டுவிட்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். மூன்று நாள் கழித்து நானே கெஞ்சி, மறுபடி அங்கே போகச் சொன்னேன். புதர்களுக்கு நடுவே வண்டித் தடம் விழுந்திருந்தது. ஐந்து வேன் நின்றன. தண்ணீரில் கொஞ்சப் பறவைகளே மிச்சம்.

கரையில் நின்றவர்கள் கையை வாயருகே குவித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அச்சு அசல் என் குரல்.