அரைப் பக்கம் குறைந்த கோட்டை

போன மாதம் என் மகள் என்னைப் பிடிவாதமாகக் கொல்லிமலைக்கு இழுத்துப்போனாள். காரவள்ளியிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறியதில், காலையில் தின்ற இட்லி தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே நடமாடிக்கொண்டிருந்தது. நானெல்லாம் நடந்தே ஏறியவன் என்று நாலு தரம் சொன்னேன், காதில் வாங்கினால்தானே. கோட்டைவளவு என்ற நிறுத்தத்தில் இறங்கினால், கோட்டை வாசலில் ஒரு பலகை. மலையை ஆண்ட மன்னன், அவனுடைய எழுநூறு வில்லாளிகள், கடைசிப் போரில் வீரமரணம். ஒருவர் அதைத் தன் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மன்னன் என் பென்சிலில் பிறந்தவன்.

வெள்ளைக்காரர் காலம் அது. நான் ஓர் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் கோட்டைவளவு என்று ஒரு சின்ன ஊரும் அதற்கொரு கோட்டையும் இருக்கிறதாம், முழுசாக இரண்டு பக்கம் சரித்திரம் எழுதி வந்தால் வேலை நிரந்தரம் என்றார் துரை. துரைக்கு ராஜா வேண்டும், சண்டை வேண்டும். எனக்கு வேலை வேண்டும்.

மூன்று நாள் விடாத தூறல். காலெல்லாம் அட்டை. இன்றைக்கும் நனைந்த கம்பளி வாடை வந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஊர் என்று பார்த்தால் பதினோரு வீடு. கோட்டை என்று பார்த்தால் இடுப்புயரத்துக்குப் பொக்கைவாய்ச் சுவர். தங்க இடம் கொடுத்து, சாமைச் சோறும் போட்டவள் செல்லாயி என்கிற விதவை. மேட்டுக்காட்டில் தனியாளாகப் பாடுபட்டு இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். கோட்டையைக் கட்டியது யார் என்று அவளிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ராசா பேரு தெரியாதுங்க சாமி. கல்லு எங்கிருந்து வந்துதுன்னு வேணா சொல்லுவேனுங்க."

சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் அடுப்பின் இரண்டு கல் கோட்டையின் சனிமூலையிலிருந்து வந்தவை. வாசற்படி, தெற்கு வாசலிலிருந்து மாமியார் கொண்டுவந்தது. காட்டு மண் சரியாமல் தாங்கிய கட்டுச்சுவர் முழுக்கக் கோட்டைக் கல். அந்த ஊரில் ஒரு வழக்கம். கோட்டையில் கல்லெடுத்தால், எடுத்த இடத்தில் வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் ஒரு கைப்பிடி சாமை போட வேண்டும். அதனால் எந்தக் கல் எந்த இடத்துக் கல் என்று வீட்டுக்கு வீடு அத்துப்படி. பதினோரு வீட்டிலும் உட்கார்ந்து கேட்டிருந்தால் முழுக் கோட்டையையும் காகிதத்தில் எழுப்பியிருக்கலாம். எனக்கோ அடுப்புக்கல் புராணம் கேட்டுக் கேட்டுத் தலைவலிதான் மிச்சம். இவர்களோடு மாரடிக்க முடியாது என்று நானே ஒரு மன்னனைப் படைத்து, படை கொடுத்து, சாகடிக்கவும் செய்தேன்.

கிளம்பும்போது செல்லாயி வழியில் வந்து நின்றாள்.

"என்னமோ எழுதிக்கங்க சாமி. எங்க ஊட்டுக் கல்லை மட்டும் காயிதத்துல ஏத்தீராதீங்க."

சத்தியமாக எழுத மாட்டேன் என்றேன். ஆபீசுக்கு வந்து சுத்தப்பிரதி எடுத்தால் அரைப் பக்கம் குறைகிறது. மன்னனுக்கு இன்னொரு மனைவியைக் கட்டிவைத்திருக்கலாம். புத்தி அப்படிப் போகவில்லை. கோட்டையின் கற்கள் இன்னின்ன வீடுகளில் உள்ளன என்று எழுதி அந்த அரைப் பக்கத்தை நிரப்பினேன். வேலை நிரந்தரமாயிற்று.

அதைப் படித்த துரையிடமிருந்து, எடுத்த கல்லையெல்லாம் திரும்ப அடுக்கச் சொல்லி ஊருக்கு உத்தரவு போனது. ஊர்க்காரர்கள் தங்கள் கையாலேயே வீட்டையும் கட்டுச்சுவரையும் பிரித்துச் சுமந்து அடுக்கினார்களாம். அடுத்த மழையில் காடுகள் மண்ணோடு இறங்கிவிட்டன. பதினோரு குடும்பமும் பிழைப்புத் தேடி மலையிறங்கியது. செல்லாயி எந்தப் பக்கம் போனாள் என்று நான் விசாரிக்கவே இல்லை. பயம்தான், வேறென்ன.

மகள் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் சனிமூலைக்குப் போனேன். சுவர் இப்போது ஆள் உயரம். அதில் இரண்டு கல் மட்டும் ஒரு பக்கம் தீயில் வெந்து கறுத்திருந்தன. தொட்டுப் பார்த்தேன். எடுத்த கல் திரும்பி வந்துவிட்டதால் அந்த இடத்தில் இனி யாரும் சாமை போட வேண்டியதில்லை. போடுவதற்கு ஊரும் இல்லை.