எஞ்சினுக்குக் காட்டப்போன கற்பூரம்

இது நடந்து மூன்று வருடமாகிறது. மே மாதத்து முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மொன்றியலில் ரொக்ஸ்பரோவில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற எங்கள் வீட்டு முன்வாசலில்தான் நடந்தது. நான் அதிகம் படித்தவள் இல்லை. நாலாம் வகுப்போடு சரி. அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் எழுதுவேன், நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

என் மகனும் மருமகளும் ஒரு மோட்டார் படகு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் வெளியே தொங்குகிற சாதி இல்லை. படகின் வயிற்றுக்குள்ளே, ஒரு பெரிய மூடிக்குக் கீழே எஞ்சின் இருக்கிற சாதி. கோடை முழுக்க ஆற்றில் ஓடும். ஒக்டோபரில் அதை இழுத்துக்கொண்டு வந்து முன்வாசலில் விட்டு, வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பனி கொட்டுகிற நாளில் யன்னலால் பார்த்தால், யானை ஒன்று போர்த்துக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

மகனுக்குப் படகு ஓட்டத்தான் தெரியும். கழற்றுவது, பூட்டுவது எல்லாம் மருமகள். அவள் ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக். இதை இப்போது சத்தமாகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் கோயிலில் யாராவது கேட்டால், "பஸ் கொம்பனியில வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவேன். கேட்டவர்கள் ஒபிஸ் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை. நகத்துக்குள் கறுப்பு ஒயிலோடு ஒரு பெண்பிள்ளை சாப்பாட்டு மேசையில் வந்து இருப்பது எனக்குப் பிடிக்காது. பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நான் நின்று பார்த்ததே இல்லை.

அந்த வருடம் எனக்குத் தடிமனும் மூக்கடைப்பும் பிடித்து விடவே இல்லை. கோயிலுக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்க ஏலாமல், சனி ஞாயிறில் கராஜ் வாசலில் கதிரை போட்டு, மடியில் கம்பளி போட்டு, அவள் படகை ஆற்றுக்கு ஆயத்தப்படுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பொழுது போகத்தான் பார்த்தேன். பிறகு உண்மையாகவே பார்த்தேன்.

குளிரில் உள்ளே தண்ணீர் உறைந்தால் எஞ்சின் இரும்பே வெடித்துவிடுமாம். அதனால் ஒக்டோபரிலேயே தண்ணீரை எல்லாம் வடித்து, வடிகிற ஓட்டைகளின் பித்தளை அடைப்புகளைக் கழற்றி, ஒரு சின்னப் பையில் போட்டு, அந்தப் பையை ஸ்ரியரிங்கிலேயே கட்டி வைத்திருந்தாள். ஏன் அங்கே கட்டினாய் என்று கேட்டேன்.

"இதை அவிழ்க்காமல் ஒருத்தரும் ஓட்டேலாது மாமி. படகின்ரை அடியிலயும் ஒரு அடைப்பு இருக்கு. அதைப் பூட்ட மறந்து ஆத்தில இறக்கினா, போட் தண்ணி ஏறி அப்பிடியே தாண்டுபோம்."

ஒவ்வொரு அடைப்பாகத் துடைத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, பூட்டினாள். குளிர் முழுக்க பேஸ்மென்டில் என் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த பற்றரியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். இறக்கை வைத்த ஒரு ரப்பர்ச் சில்லைக் கழற்றி, "இது ஆத்துத் தண்ணியை இழுத்து எஞ்சினைக் குளிராக்கிறது மாமி, பழசை நம்பேலாது" என்று புதிதாக மாற்றினாள். ஒரு தாளில் செய்யவேண்டியதை எல்லாம் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தாள். ஒன்று முடிந்தால் ஒரு கோடு. சட்டி கழுவுவதிலும் எனக்கு அப்படியொரு ஒழுங்கு வராது.

மகன் கோப்பியோடு வருவான், போவான். ஒரு நாள் என்னைப் பார்த்து, "அம்மா சுப்பர்வைசர் மாதிரி இருக்கிறா" என்றான்.

"உங்களை விட அவ கூட நேரம் நிக்கிறா. நீங்கள் கோப்பி குடிக்கிற போர்மன்தானே" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

புது வாகனம் என்றாலும், ஓய்ந்து கிடந்த எஞ்சினை மறுபடி ஸ்ரார்ட் பண்ணுவதென்றாலும், தேசிக்காய் வைத்துக் கற்பூரம் காட்டாமல் எங்கள் வீட்டில் தொடங்குவதில்லை. முந்திய வருடங்களில், படகின் மூக்குக்கு முன்னால், நிலத்தில் நின்று காட்டினேன். மருமகள்தான் அந்த இடத்தைக் காட்டிவிட்டவள். அந்த வருடமும் முதல் நாளே சொல்லிவிட்டாள். "எல்லாம் முடிய நான் கூப்பிடுறன் மாமி. முன்னுக்கு நிண்டு காட்டுங்கோ." நானும் ஓம் என்றேன். ஆனால் மனதுக்குள் வேறு யோசனை. படகுக்கு உயிர் இருப்பது எஞ்சினில். பிறகு ஏன் மூக்குக்குக் காட்ட வேண்டும்? மூன்று கிழமையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா என்று ஒரு எண்ணம். அவளிடம் கேட்கவில்லை. கேட்டுச் செய்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அன்று காலை அவள் பற்றரியைப் பூட்டி, சாவியை ஒரு தரம் திருப்பி, முள்ளெல்லாம் அசைகிறதா என்று பார்த்தாள். பிறகு சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எஞ்சின் மூடியைச் சாத்தி, இரண்டு பக்கமும் கொளுவியை மாட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் எடுக்கப் போனாள். நிலத்தில் நிற்கிற படகு குடிக்க ஆற்றுத் தண்ணீர் இல்லையே, பைப் தண்ணீரைக் கொடுத்தால்தான் ஸ்ரார்ட் பண்ணலாமாம்.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். ஆயத்தமாக வைத்திருந்த கற்பூரத் தட்டத்தை எடுத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டு, "என்னை ஒருக்கால் ஏத்திவிடு" என்றேன். மூன்று படி ஏணி. அவன் முழங்கையில் பிடித்து ஏற்ற, படகின் பின்பக்கத்துப் பலகையில் போய் நின்றேன். அவனும் ஏறி உள்ளே இறங்கினான்.

"பெற்றோல் மணக்குது போல" என்றான். பிறகு தானே, "போட் எண்டால் மணக்கும்தானே" என்றான்.

எனக்கு மூக்கடைப்பு. ஒன்றும் மணக்கவில்லை. தட்டத்தில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். "மூடியைத் திற மகன்" என்றேன். அவன் குனிந்து ஒரு பக்கத்துக் கொளுவியைக் கழற்றிவிட்டான்.

அப்போதுதான் மருமகள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு மூலையால் திரும்பினாள். எங்களைக் கண்டதும் நின்று, காற்றை ஒரு தரம் மணந்து பார்த்தாள். குழாயை மெல்ல நிலத்தில் வைத்தாள். அவள் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. வெளுத்துப்போன முகம், ஆனால் வாயில் ஒரு சிரிப்பு.

"இஞ்சேருங்கோ, மூடியில இருந்து கையை எடுங்கோ. எடுத்திட்டு அப்பிடியே நில்லுங்கோ" என்றாள் மகனிடம். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வாங்கோ என்று சொல்கிற குரல்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமி, முதல் எனக்குக் காட்டுங்கோ" என்றாள்.

"என்ன பிள்ளை?"

"வேலை செய்தது நான்தானே? எஞ்சினுக்கு முதல் எனக்குக் காட்டவேணும். இஞ்சால திரும்புங்கோ. வாங்கோ, நான் கை தாறன்."

சொல்லிக்கொண்டே கிட்ட வந்துவிட்டாள். எனக்குச் சரியான சந்தோசம். சாமி காரியத்தில் என் மருமகள் வாய் திறந்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தரம். திரும்பினேன். அவள் ஒரு கையால் என் தோளைப் பிடித்து, மற்றக் கையைத் தட்டத்துக்குக் கீழே ஏந்தி, மூன்று படியும் இறக்கினாள். இறக்கியும் நிற்கவில்லை. "மரத்தடியில காட்டுங்கோ மாமி, காத்துப் படாது" என்று புல்லுக்கு மேலால், தெருவோரத்து மேப்பிள் மரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நான் காட்டினேன். இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றின கையாலேயே எரிகிற கற்பூரத்தை எடுத்து ஈர மண்ணில் அமத்தி அணைத்தாள்.

எனக்கு வந்த கோபம்! "என்ன பழக்கம் இது? சாமி நெருப்பை இப்பிடியோ அணைக்கிறது?" என்று கத்தினேன்.

அவள் மகனைப் பார்த்து, "இனி மெல்ல இறங்கி வாங்கோ. ஒண்டையும் தட்டாதேங்கோ" என்றாள். அவன் இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் படகிலிருந்து கண்ணை எடுத்தாள். அந்த ஈரப் புல்லில் அப்படியே குந்தி இருந்துவிட்டாள்.

மகனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பயத்தில் என் மேல் பாய்ந்தான். "அம்மா, உங்கட கற்பூரத்தால இண்டைக்கு..."

"கொளுவியைக் கழட்டினது ஆர்? மாமியோ, நீங்களோ?" என்றாள் அவள், இருந்த இடத்தில் இருந்தே.

பிறகு அவள் மட்டும் போய், மூடியை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். எங்களைக் கிட்ட விடவில்லை. காற்று உள்ளே போய் வரட்டும் என்று மத்தியானம் வரைக்கும் பார்த்திருந்தோம். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, தூரத்தில் நிற்கவைத்து, பெற்றோல் போகிற ஒரு கறுப்பு ரப்பர்க் குழாயை வெட்டிக்கொண்டு வந்து காட்டினாள். வளைவில் ஒரு வெடிப்பு. நகம் அளவுதான். குளிரில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியபோது பம்ப் தள்ளின பெற்றோல் அதனால் ஒழுகி, எஞ்சினுக்குக் கீழே நின்றிருக்கிறது.

"காரில ஒழுகினா றோட்டில போயிடும் மாமி. இது மூடின வயிறு. ஆவி தானா வெளியால போகாது, அடியில தங்கும். ஒரு பொறி காணும், போட்டும் இல்லை, நாங்களும் இல்லை."

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னைக் குத்தியது. "பிழை என்ரை மாமி. அந்தக் குழாயைக் கையால வளைச்சுப் பாக்கவேணும் எண்டு தாளில எழுதி வைச்சிருந்தனான். சாவி திருப்ப முதல் பாத்திருக்கவேணும். பேந்து பாப்பம் எண்டு விட்டிட்டன்."

நெருப்பைக் கொண்டுபோனது நான். அவளோ புல்லும் மண்ணும் ஒட்டின காற்சட்டையோடு என் முன்னால் நின்று, பிழை தன்னுடையது என்கிறாள். என் வாயில் அந்தச் சொல் என்றைக்குமே வந்ததில்லை. என் மனுசனிடமும் சொன்னதில்லை, பெற்ற பிள்ளையிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு வந்தது. "இல்லைப் பிள்ளை. பிழை என்ரை. உன்னைக் கேட்டிருக்கவேணும்" என்றேன். சொல்லி முடித்த பிறகு, தலை ஒன்றும் கழன்று விழவில்லை என்று கண்டுகொண்டேன்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை சத்தம் போடேல்லை? நானெண்டால் ஊரைக் கூட்டியிருப்பன்."

"சத்தம் போட்டிருந்தா நீங்கள் திடுக்கிட்டுத் தட்டத்தை விட்டிருப்பீங்கள். அணையுங்கோ எண்டு சொன்னா ஏன் எதுக்கு எண்டு சண்டைக்கு நிண்டிருப்பீங்கள். காட்டுங்கோ எண்டால் மாமி எங்கையும் வருவா, அது எனக்குத் தெரியும்."

மகன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இரவு படுத்தபோது அந்தச் சொல் என்னை விடவில்லை. நெருப்புக்கும் பெற்றோலுக்கும் நடுவில், மூச்சு விடுகிற நேரத்துக்குள், அவள் எஞ்சினை மட்டும் யோசிக்கவில்லை. என் பிடிவாதம், என் பெருமை, என் கை நடுக்கம், எல்லாவற்றையும் யோசித்து, அதற்கேற்ற ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கிறாள். எஞ்சினில் எந்த ஆணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவளுக்கு, என்னையும் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை எல்லாப் பெற்றோல் குழாயும் புதிது. தன் மூக்கை முதலில் உள்ளே விட்டு மணந்து பார்த்தாள். உள்ளே ஆவியை வெளியே தள்ளுகிற காற்றாடியை ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். பிறகுதான் சாவி. முதல் தரமே எஞ்சின் ஸ்ரார்ட் ஆகிவிட்டது. நான் முன்னால், நிலத்தில், பூவும் தேசிக்காயும் மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். அவளிடம் கேட்டுத்தான் நின்றேன்.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அன்றைக்கு அவள் சொல்லுக்கு நான் இறங்கி வந்தது, பெருமையில் ஏமாந்து வந்தது. இனி ஒரு தரம் அவள் "இறங்குங்கோ மாமி" என்றால், என்னை ஏமாற்ற வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. முதலில் இறங்குவேன், ஏன் என்று பிறகு கேட்பேன்.